கழுத்து இறகும் கண்காட்சிக் கூண்டும்

கோழியைப் பற்றி வரலாற்றுச் சொற்பொழிவா என்று மாணவ நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைத்தல் தவறன்று. அரசர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆண்டு வரிசையில் படித்துப் பழகிய நமக்கு, முற்றத்தில் குப்பையைக் கிளறும் ஒரு பறவை வரலாற்றின் பொருளாக எளிதில் தோன்றாது. ஆயினும், மனிதன் ஓர் உயிரை அதன் பயனுக்காக அன்றி அதன் இறகின் அழகுக்காகவே வளர்க்கத் தொடங்கினால் அவ்வுயிருக்கு என்ன நேர்கிறது என்ற வினா சிறிய வினா அன்று. அவ்வினாவுக்கு விடை தேடிப் போனால் குற்றால மலையிலிருந்து இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டம் வரை போகவேண்டியிருக்கிறது. திரும்பி வரவும் வேண்டியிருக்கிறது.

குற்றாலத்திலிருந்தே தொடங்குவோம். பேரருவியைக் கடந்து செண்பகாதேவிக்கு ஏறும் வழியில் விடியற்காலையில் நடந்தவர்கள், புதருக்குள்ளிருந்து எழும் ஒரு கூவலைக் கேட்டிருப்பார்கள். வீட்டுச் சேவலின் கூவலைப் போல் அது நீண்டு முடிவதில்லை. வெட்டி வெட்டி, இடையில் மூச்சடக்கியது போல் நிற்கும். நானும் பலமுறை கேட்டிருக்கிறேன்; பார்த்தது இரண்டு மூன்று முறைதான். அதுவே காட்டுக்கோழி. சாம்பல் நிறக் காட்டுக்கோழி என்று பறவை நூலார் பிரித்துக் கூறுவர். நம் இலக்கண நூலார் முல்லைத் திணையின் கருப்பொருள்களுள் பறவையாகக் கானக்கோழியைக் கூறினர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூட ராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில், சிங்கன் என்னும் பறவை பிடிக்கும் குறவனையே தலைமைப் பாத்திரங்களுள் ஒருவனாக ஆக்கினார். பறவைகளின் பெயரையும் வரவையும் அறிந்து கண்ணி வைப்பவன் அவன். அந்த அறிவு இம்மலை அடிவாரத்தில் வாழ்ந்த மக்களுக்கு நெடுங்காலம் உரியதாக இருந்தது என்பதற்கு அந்நூல் ஒரு சான்று.

இக்காட்டுச் சேவலின் கழுத்து இறகைக் கையில் எடுத்துப் பார்த்தால் வியப்பு உண்டாகும். கருநிற இறகு, நடுவே வெண்மையான தண்டு. அத்தண்டு ஓரிடத்தில் விரிந்து தட்டையாகிப் பளபளக்கும் புள்ளியாகிறது. நுனியில் இருக்கும் புள்ளி மஞ்சள் நிறம். உருகிய அரக்கைத் துளியாகச் சொட்டி ஆறவிட்டது போல் இருக்கும். இறகின் கிளைகள் ஒன்றோடொன்று இணைந்து கொம்புப் பொருள்போல் ஆவதால் உண்டாகும் தோற்றம் இது. உலகில் எந்த வீட்டுக்கோழி இனத்துக்கும் இத்தகைய இறகு இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பெரிய அறிஞரின் வாதத்தில் இந்த அரக்குத் துளி ஒரு சான்றாக வந்து நிற்கும்.

இன்னொன்றும் குறிப்பிடத் தக்கது. இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் சேவல் இந்த அழகிய கழுத்து இறகுகளை உதிர்த்துவிட்டு, மங்கலான கருநிற இறகுகளை அணிந்துகொள்கிறது. ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன் நிலை இதுதான். சாரலை நாடி நாம் குற்றாலத்துக்குக் கூட்டமாய்ப் போகும் மாதங்களில், காட்டின் அழகன் தன் அணிகளைக் கழற்றி வைத்துவிட்டு மறைந்து திரிகிறான்.

ஐரோப்பியருக்கு இப்பறவையை நூல் வழியாக அறிமுகப்படுத்தியவர் பியேர் சொன்னரா என்னும் பிரெஞ்சு அறிஞர். புதுச்சேரியிலும் சோழமண்டலக் கரையிலும் தங்கியிருந்த அவர், தம் பயண நூலை 1782ஆம் ஆண்டில் வெளியிட்டார். உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை இக்காட்டுக்கோழியே என்பது அவர் கருத்து. 1813ஆம் ஆண்டில் டெம்மிங்க் என்ற டச்சு அறிஞர் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது சொன்னராவின் பெயரையே இணைத்தார். தென்னாட்டு மலைக்கோழி இவ்வாறு ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரைச் சுமந்து உலக நூல்களில் உலவுகிறது.

பெயரோடு நிற்கவில்லை, இறகும் கப்பல் ஏறியது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆறுகளில் சால்மன் மீன் பிடிப்போர், தூண்டில் முள்ளின்மேல் பல பறவைகளின் இறகுகளை நூலால் கட்டிப் பூச்சிபோலச் செய்வர். 19ஆம் நூற்றாண்டில் இது ஒரு நுண்கலையாகவே வளர்ந்தது. ஜாக் ஸ்காட் என்று பெயர் பெற்ற தூண்டிற் பூச்சியின் இரு பக்கங்களிலும் நம் காட்டுச் சேவலின் கழுத்து இறகே வைக்கப்படும். நீருக்குள் அந்த அரக்குத் துளி ஒரு சிறு கண் போல ஒளிரும். அதற்காக நம் மலைகளில் எத்தனை சேவல்கள் கழுத்துத் தோலோடு உரிக்கப்பட்டன என்பதற்குக் கணக்கு எழுதி வைத்தவர் எவரும் இலர். அந்நாளில் ஐரோப்பியப் பெண்டிரின் தொப்பிகளுக்காகக் கொக்கு முதலிய பறவைகளின் இறகும் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. இந்திய அரசாங்கம் 1902ஆம் ஆண்டில் பறவை இறகு, தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைத் தடை செய்தது. பிரிட்டன் 1921ஆம் ஆண்டில் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் செய்தது. விடுதலைக்குப்பின் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் காட்டுக்கோழி வேட்டையைக் குற்றமாக்கின. அதன்பின் மேல்நாட்டார் தூண்டிற் பூச்சிக்கு வேண்டிய இறகைத் தங்கள் நாட்டுப் பண்ணைகளில் இப்பறவையையே வளர்த்துப் பெறுகின்றனர். இறகுக்காகக் கோழி வளர்ப்பது என்றால் அதைவிட நேரான சான்று வேறில்லை.

நிற்க. காட்டை விட்டு நாட்டுக்கு வருவோம். தமிழர் சேவலை எதற்காக மதித்தனர்? முதன்மையாக அதன் வீரத்துக்காக. சோழர் தலைநகர் உறையூருக்குக் கோழியூர் என்றே ஒரு பெயர் உண்டு. யானையை எதிர்த்து வென்ற சேவலின் கதை அதற்குக் காரணமாகக் கூறப்படும். முருகன் கொடியில் சேவல் நின்றது. இவற்றைவிட வரலாற்று மாணவருக்குப் பயன்படுவது ஒரு கல். விழுப்புரம் பகுதியில் அரசலாபுரம் என்னும் ஊரில் சேவல் உருவம் பொறித்த நடுகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது 5ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். மேற்சேரியைச் சேர்ந்த கோழி ஒன்றன் நினைவாக அது எடுக்கப்பட்டது. இந்தளூரில் கிடைத்த மற்றொரு கல்லில் கீழ்ச்சேரிக் கோழி பேசப்படுகிறது. போரில் மாண்ட வீரனுக்குக் கல் நடும் மரபில், சேரியின் பெயரால் பொருத சேவலுக்கும் கல் நட்டிருக்கிறார்கள்! மேற்சேரியும் கீழ்ச்சேரியும் எவ்வளவு ஊக்கத்தோடு தம் சேவலைக் களத்தில் விட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வீரத்துக்காக வளர்த்தபோதும் இறகை அவர்கள் பாராமல் விடவில்லை. சேவலை அடையாளம் காணவும், நாள் பார்த்துக் களத்தில் விடவும் இறகின் நிறமே வழிகாட்டி. காகம், கீரி, வல்லூறு, மயில் என்று பிற உயிர்களின் பெயரையே நிறத்துக்கு இட்டு வழங்கினர். அசில் என்னும் பொருசேவல் இனத்தின் நிறவகைகளுக்கு இந்திய நாட்டின் பிற பகுதிகளிலும் பெயர்கள் உண்டு. வெண்மை நிறத்தது நூரி, கரியது காகர், கருமையும் செம்மையும் கலந்தது யாகூப், பொன்கலந்த செம்மை பீலா. இவற்றுட் சில பெயர்கள் பாரசீகமும் அரபும் கலந்தவை. பெயர்களைக் கொண்டே, சேவல் வளர்ப்போர் எந்தெந்த அரசவைகளோடு தொடர்புற்றிருந்தனர் என்று ஊகிக்கலாம்.

இங்கிலாந்திலும் சேவற்போர் அரசர் முதல் கூலியாள் வரை எல்லோரும் ஆடிய ஆட்டமாக இருந்தது. 1835ஆம் ஆண்டில் விலங்குகளைக் கொடுமைப்படுத்துதலைத் தடுக்கும் சட்டம் அதற்குத் தடை விதித்தது. 1849ஆம் ஆண்டின் சட்டம் அத்தடையை உறுதிப்படுத்தியது. களம் மூடப்பட்டதும் கோழிப்பித்தர்கள் என்ன செய்தார்கள்? பத்தே ஆண்டுகளில், 1845ஆம் ஆண்டில், இலண்டன் விலங்கியற் பூங்காவில் கோழிக் கண்காட்சி கூடியது. போட்டி மாறவில்லை, போட்டியின் கருவி மாறிற்று. முள்ளுக்குப் பதில் இறகு வந்தது. இந்த மாற்றத்தை விளையாட்டுச் செய்தியாக எண்ணி ஒதுக்கிவிடலாகாது என்பது என் எண்ணம். ஒரு சமுதாயம் தன் கொடுமை ஒன்றைக் கைவிடும்போது அதில் ஊறியிருந்த ஆசை எங்கே போகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சிகள் சிலவே.

அதே காலத்தில் கீழைநாட்டிலிருந்து பெரிய உருவமும் பஞ்சுபோன்ற இறகும் உடைய கோழிகள் விக்டோரியா அரசியாருக்கு வந்து சேர்ந்தன. நாடே அவற்றின்மேல் மோகங்கொண்டது. இக்கோழிகளுக்குக் கொச்சின் என்று பெயரிட்டனர். நம் அண்டை நகரமாகிய கொச்சியிலிருந்து போனவை என்று மயங்கிவிடாதீர்கள்! கொச்சின்-சீனா என்ற பெயரின் சுருக்கம் அது. கோழிகளோ சீனாவின் ஷாங்காய்ப் பகுதியைச் சேர்ந்தவை. 1852ஆம் ஆண்டில் பர்ன்ஹாம் என்னும் அமெரிக்க வணிகர் தாமும் சில பெருங்கோழிகளை அரசியாருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அந்த இனத்துக்குப் பிரம்மபுத்திரா நதியின் பெயரை இட்டிருந்தனர். இன்று பிரம்மா என்று சுருங்கி வழங்குகிறது. கோழி வணிகத்தில் ஊர்ப்பெயருக்கு எவ்வளவு மதிப்பு, எவ்வளவு சிறிய பொறுப்பு என்பது இவற்றால் விளங்கும்.

கண்காட்சி என்று ஒன்று ஏற்பட்டால் அதற்கு நடுவர் வேண்டும். நடுவருக்கு இலக்கணம் வேண்டும். 1865ஆம் ஆண்டில் டெகட்மெயர் என்பவர் பதிப்பித்த இலக்கண நூல் வெளிவந்தது. கொண்டைக்கு இவ்வளவு மதிப்பெண், இறகின் நிறத்துக்கு இவ்வளவு மதிப்பெண் என்று அது வகுத்தது. இந்த டெகட்மெயர், சார்லஸ் டார்வினுக்குக் கோழி, புறா பற்றிய செய்திகளைத் தந்து உதவியவர். கல்கத்தாவிலிருந்த பிளைத் என்ற அறிஞரும் கடிதங்கள் வழியே டார்வினுக்கு உதவினார். 1868ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வீட்டுக்கோழியின் மூதாதை வட இந்தியாவிலும் கீழ்த்திசை நாடுகளிலும் வாழும் செந்நிறக் காட்டுக்கோழியே என்று டார்வின் முடிவு செய்தார். நம் மலைக்கோழியை ஏன் விலக்கினார்? அதன் கூவல் வேறு. வீட்டுக்கோழியோடு கலந்து பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் மலடாகின்றன. அந்த அரக்குத்துளி இறகோ எந்த வீட்டுக்கோழியிடமும் காணப்படவில்லை. சொன்னராவின் கருத்து அத்துடன் வழக்கொழிந்தது. நூறாண்டுக்கு மேலாக அப்படியே கிடந்தது.

இனி ஆர்ப்பிங்டனைக் காண்போம். வில்லியம் குக் என்பவர் குதிரை வண்டியோட்டியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். கோழி வளர்ப்பில் பேரறிவு பெற்று நூல்கள் எழுதியவர். கெண்ட் மாவட்டத்தில் ஆர்ப்பிங்டன் என்னும் ஊரில் வாழ்ந்தார். முட்டையும் தரவேண்டும், இறைச்சியும் தரவேண்டும், எளியவர் வீட்டுக் கொல்லையில் வாழவும் வேண்டும் என்பது அவர் குறிக்கோள். மைனார்க்கா, பிளிமத் ராக், லாங்ஷான் ஆகிய மூன்று இனங்களைக் கலந்து 1886ஆம் ஆண்டில் கரிய நிறக் கோழியை வெளியிட்டார். கருமையைத் தேர்ந்ததற்குக் காரணம், புகைக்கரி படிந்த ஆங்கில நகரங்களில் அழுக்குத் தெரியாது என்பதே என்பர். பயனையே எண்ணிய மனிதரின் கணக்கு இது.

ஆனால் இனம் பிறந்து ஐந்தே ஆண்டுகளில் அது அவர் கையை விட்டுப் போயிற்று. 1891ஆம் ஆண்டில் லங்காஷயரைச் சேர்ந்த பார்ட்டிங்டன் என்ற கண்காட்சி வளர்ப்பாளர், மிகப் பெரிய உருவமும் அடர்ந்து தளர்ந்த இறகும் கொண்ட கரிய ஆர்ப்பிங்டன்களைக் காட்சிக்குக் கொணர்ந்தார். லாங்ஷானையும் கொச்சினையும் கலந்து அவர் உண்டாக்கியிருக்கவேண்டும் என்று வல்லுநர் கருதினர். நடுவர்கள் மயங்கினர், பரிசுகள் அவர் பக்கம் சென்றன. அன்றுமுதல் ஆர்ப்பிங்டன் என்றால் பார்ட்டிங்டன் காட்டிய உருவமே இலக்கணமாயிற்று. உருண்டு திரண்ட உடல், தரையைத் தொடுமளவு தொங்கும் இறகு, 10 இறாத்தல் எடையுள்ள சேவல். முட்டை இரண்டாம் இடத்துக்குப் போயிற்று.

குக்கும் சும்மா இருந்தவர் அல்லர். 1889ஆம் ஆண்டில் வெண்ணிறம், 1894ஆம் ஆண்டில் மங்கிய பொன்னிறம், 1897ஆம் ஆண்டில் அரசியாரின் வைர விழாவை முன்னிட்டு ஜூபிலி என்று ஒரு புள்ளி நிறம் என அடுத்தடுத்து வெளியிட்டார். இவற்றுள் உலகப் புகழ் பெற்றது பொன்னிற ஆர்ப்பிங்டன். ஹாம்பர்க், டார்க்கிங், கொச்சின் ஆகியவற்றைக் கலந்து உண்டாக்கியதாகக் குக் கூறினார். லிங்கன்ஷயர் விவசாயிகளோ, அது தங்கள் மாவட்டத்துப் பழைய பொன்னிறக் கோழியே என்று வாதிட்டனர். கண்காட்சிக்கு வந்த பறவைகளுட் பல அங்கிருந்தே வந்தவை என்று பலரும் நம்பினர். பெயர் ஆர்ப்பிங்டனுக்குப் போயிற்று. உழைப்பு லிங்கன்ஷயருக்கு உரியதாய் இருந்திருக்கலாம்.

ஒரே சீரான நிறமுள்ள இறகைப் பெறுவது எளிது என்று நினைக்கவேண்டா. குக் கூறிய கலப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாம்பர்க்கிடமிருந்து கரும்புள்ளி வரும். டார்க்கிங்கிடமிருந்து ஐந்தாம் விரல் வரும். கொச்சினிடமிருந்து கால் இறகும் மஞ்சள் காலும் வரும். ஆர்ப்பிங்டனுக்கோ நான்கு விரல், இறகற்ற கால், வெண்ணிறத் தோல் என்பன இலக்கணம். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் குஞ்சுகளைப் பிரித்து, வேண்டாதவற்றை விலக்கி, வேண்டியவற்றை மட்டும் இணைசேர்க்க வேண்டும். பொன்னிறம் தலைமுதல் வால்வரை ஒரே படியாக இருக்கவேண்டும்; மேல் இறகை விலக்கினால் அடியில் உள்ள பஞ்சிறகும் அந்நிறமாகவே இருக்கவேண்டும். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். எனவே காட்சிக்குரிய பறவைகளை நிழலில் வளர்ப்பர். கரிய ஆர்ப்பிங்டனின் இறகில் வண்டின் முதுகைப் போன்ற பச்சை ஒளி வேண்டும். ஊதா நிறப் பட்டை தெரிந்தால் குற்றம். அந்தப் பச்சை உண்மையில் சாயம் அன்று. இறகின் நுண்ணிழைகளில் கருநிறத் துகள்கள் அடுக்கடுக்காய் அமைந்து ஒளியைச் சிதறச் செய்வதால் தோன்றும் தோற்றமே. மயிலின் தோகையும் அவ்வாறே.

காட்சிக்கு முன்னாள் நடைபெறும் நீராட்டு மிகவும் சுவையானது. மூன்று தொட்டிகளில் வெந்நீர். முதல் தொட்டியில் சோப்பு நுரை, அடுத்ததில் அலசல், மூன்றாவதில் சிறிது காடி. வெள்ளைக் கோழியாயின், நம் வீட்டு வேட்டிக்குப் போடுவதுபோல் ஒரு சிட்டிகை நீலம். பிறகு கணப்பின் அருகே வைத்து மெதுவாக உலர்த்துவர். இறகு பஞ்சுபோல் விரியும். அலகையும் காலையும் எண்ணெய் தடவித் துடைப்பர். மணமகளுக்கு நடப்பதை விடக் குறைவில்லை! 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இம்மோகம் உச்சியை அடைந்தது. கன்சாஸ் நகரத்துக் கெல்லர்ஸ்ட்ராஸ் என்பவர், பெக்கி என்ற தம் வெள்ளை ஆர்ப்பிங்டன் பெட்டைக்கு 10,000 டாலர் மதிப்பு என்று விளம்பரம் செய்தார். விளம்பரம் செய்தவருடைய கணக்கு அது என்பதை நீங்கள் மறக்கவேண்டா.

ஆனால் ஆர்ப்பிங்டன் வேறொரு வழியிலும் சென்றது. ஆஸ்திரேலியாவுக்குப் போன கரிய ஆர்ப்பிங்டன்களை அந்நாட்டு விவசாயிகள் இறகைப் பாராமல் முட்டையையே எண்ணித் தேர்ந்து பெருக்கினர். தளர்ந்த இறகு குறைந்து உடலோடு ஒட்டியது. கால் வெளியே தெரிந்தது. 1922-23ஆம் ஆண்டில் இவ்வினத்துப் பெட்டைகள் ஆறு சேர்ந்து 365 நாட்களில் 1,857 முட்டைகள் இட்டன. தலைக்கு 309-க்கு மேல். அதற்கு ஆஸ்ட்ரலார்ப் என்று தனிப்பெயர் வழங்கலாயிற்று. ஒரே குருதி, இங்கிலாந்தில் நடுவரின் கண் அதை உருட்டியது, ஆஸ்திரேலியாவில் முட்டைக்கூடை அதை மெலிவித்தது. தேர்ந்தெடுத்தலின் ஆற்றலுக்கு இதைவிட நல்ல பாடம் உயிரியல் வகுப்பிலும் கிடைப்பது அரிது.

இந்தக் கரிய ஆஸ்ட்ரலார்ப்பே நம் நாட்டுப் பண்ணைகளுக்கும் வந்தது. கேரளத்து மண்ணுத்தியில் அதையும் வெள்ளை லெகார்னையும் கலந்து கிராமலட்சுமி என்னும் கோழியை உருவாக்கினர். அதற்கும் முன்பே நம் பக்கத்தில் கோழிச் சீர்திருத்தம் தொடங்கியிருந்தது. 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிராமப் புத்தமைப்பு நிலையத்தை நடத்தினார். நல்லினச் சேவல்களைக் கொண்டு நாட்டுக்கோழியை மேம்படுத்தவும், முட்டைகளைக் கூட்டாக விற்கவும் மக்களைப் பழக்கினார். காட்பாடியில் ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த டி வாலாய்ஸ் என்பவரும் இத்துறையில் உழைத்தார். மார்த்தாண்டமும் நம் செங்கோட்டையும் அப்போது ஒரே திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் இருந்தவை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இரண்டும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஹேட்சின் முயற்சியில் இறகின் அழகுக்கு இடமில்லை. முட்டையின் எடைக்கும் தூய்மைக்குமே இடம்.

ஆயினும் சிற்றூர்க் கொல்லையில் இறகின் நிறத்தைப் புறக்கணிக்க முடியாது. வானத்தில் பருந்து வட்டமிடும்போது வெள்ளைக் கோழி தொலைவிலிருந்தே தெரியும். பழுப்பும் கருமையும் கலந்த சிறுவிடைக் கோழி சருகோடு சருகாய் மறையும். பாட்டிமார் இதை நூல் படிக்காமலே அறிந்திருந்தனர். பிற்காலத்தில் ஐதராபாத்து ஆராய்ச்சி நிலையத்தார் கொல்லைப்புற வளர்ப்புக்கென வனராஜா என்ற இனத்தை அமைத்தபோது, அதற்குப் பல நிற இறகு இருக்குமாறு பார்த்துக்கொண்டனர். கெண்டில் பிறந்த தளர்ந்த இறகுக் கோழி குற்றாலத்துச் சாரலின் குளிர்ச்சியை விரும்பும். ஆனால் அதே சாரலில் இறகு நனைந்து கோணிப்பை போலாகும். தென்காசியின் சித்திரை வெயிலைப் பற்றியோ சொல்லவே வேண்டா.

நம் நாட்டிலும் களத்திலிருந்து கண்காட்சிக்கு வந்த வரலாறு ஒன்று உண்டு. அது வெகுகாலத்துக்கு முன் நடந்ததன்று; நம் கண்முன்னே நடந்து வருகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளைப் போரிடத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. வழக்குமன்றங்களும் சேவற்போருக்குக் கட்டுப்பாடுகள் விதித்தன. பெருவிடைச் சேவல் வளர்த்தோர் பலரின் உள்ளம் வேறு பக்கம் திரும்பிற்று. கிளிமூக்கு விசிறிவால் சேவல் என்று ஒன்று இன்று தமிழ்நாட்டில் பெயர் பெற்றிருக்கிறது. கிளியின் அலகைப்போல் வளைந்த குறுகிய மூக்கு, தரையில் புரளும் நீண்ட வால், நிமிர்ந்த நடை. போருக்கு அன்று, பார்வைக்கு. திண்டுக்கல் முதலிய ஊர்களில் இவற்றுக்கெனக் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. மூக்கு, கொண்டை, கண், நிறம், வாலின் நீளம் என்று பார்த்து நடுவர் பரிசு வழங்குகின்றனர். சிறந்த சேவல்களுக்கு இலட்ச ரூபாய்க்கு மேலும் விலை பேசப்படுவதுண்டு. 1845ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்தது எதுவோ அதுவே இங்கும் நடந்தது; இங்கிலாந்தைப் பார்த்து நம்மவர் செய்தனர் என்று சொல்வதற்கில்லை. ஒரே நெருக்கடிக்கு இரு நாட்டு மக்களும் ஒரே விடையைத் தாமே கண்டனர்.

நீண்ட வாலைக் காப்பது பெரும் பாடு. ஈரத்தரை ஆகாது, நெருக்கமான கூண்டு ஆகாது, ஒன்றோடொன்று கொத்திக்கொள்ள விடலாகாது. ஜப்பானில் ஒனகதோரி என்ற சேவலின் வால் பல அடி வளரும். உயரமான ஒடுங்கிய கூண்டில் அதை அமர்த்தி வாலைத் தொங்கவிட்டுக் காப்பர். 1952ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசாங்கம் அதைச் சிறப்புடைய இயற்கைச் சின்னமாக அறிவித்தது. வாழ்நாள் முழுதும் பரணில் அமர்ந்திருக்கும் அச்சேவலை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாவதில்லை. நம் விசிறிவால் வளர்ப்போர் இன்னும் சேவலை முற்றத்தில் நடக்க விடுகின்றனர். மூக்கு மேலும் மேலும் வளைந்து, தானியம் கொத்தவே இயலாத நிலைக்கு வாராமல் இலக்கணத்தை எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்யவேண்டியவர்கள் அவர்களே. பார்ட்டிங்டன் காலத்து நடுவர்கள் அந்தக் கேள்வியைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

சொன்னராவின் கருத்துக்கு என்ன ஆயிற்று என்பதை இன்னும் நான் சொல்லவில்லை. கோழிகளுள் சிலவற்றுக்குத் தோலும் காலும் மஞ்சள், சிலவற்றுக்கு வெண்மை. செந்நிறக் காட்டுக்கோழியின் கால் மஞ்சள் அன்று, சாம்பல் நிறம். அவ்வாறாயின் மஞ்சள் எங்கிருந்து வந்தது? தீனியில் உள்ள மஞ்சட் பொருளைத் தோலில் சிதைத்து அழிக்கும் நொதி ஒன்று உண்டு. மஞ்சட்கால் கோழிகளில் அந்த நொதிக்குரிய மரபணு தோலில் மட்டும் அடங்கிக் கிடக்கிறது. அதனால் நிறம் தங்குகிறது. 2008ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் எரிக்ஸனும் அவர் குழுவினரும் அந்த மரபணுவைப் பல கோழிகளில் ஒப்பிட்டுப் பார்த்தனர். வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு செந்நிறக் காட்டுக்கோழியினுடையதோடு ஒத்துவரவில்லை. சாம்பல் நிறக் காட்டுக்கோழியினுடையதோடு ஒத்திருந்தது. வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை செந்நிறக் கோழியே. டார்வின் அதில் பிழைபடவில்லை. தென்சீனம், பர்மா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் எல்லைப்பகுதியே அதன் பிறப்பிடம் என்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியும் கூறுகிறது. ஆனால் அது இந்திய நாட்டுக்கு வந்த பிறகு, எப்போதோ எங்கோ ஒரு சிற்றூரின் ஓரத்தில், தென்னாட்டு மலைக்கோழியோடு கலந்திருக்கிறது. அக்கலப்பின் மக்கள் எல்லாம் மலடாகிவிடவில்லை. அரக்குத்துளி இறகு வழியிலேயே உதிர்ந்துபோயிற்று; மஞ்சட்கால் மட்டும் உலகைச் சுற்றியது. லெகார்ன், பிளிமத் ராக், கொச்சின் ஆகியவற்றின் கால்களில் இருப்பது அந்த மஞ்சளே. தென்காசிச் சந்தையில் கால் கட்டி வைத்திருக்கும் கோழிகள் பலவற்றின் காலிலும் அதுவே.

ஆர்ப்பிங்டனின் காலில் மட்டும் அது இல்லை. குக் கலந்த பிளிமத் ராக்கிலும் கொச்சினிலும் அது இருந்தது. வெண்தோலையே விரும்பிய ஆங்கிலேய வளர்ப்பாளர்கள், மஞ்சள் தலைகாட்டிய குஞ்சுகளையெல்லாம் தலைமுறை தலைமுறையாக விலக்கி வந்தனர். கண்காட்சி இலக்கணம் இன்றும் அதைக் காக்கிறது: இறகு எவ்வளவு சிறந்ததாயினும், காலிலோ தோலிலோ மஞ்சள் தெரியும் ஆர்ப்பிங்டன் பரிசுக்கு உரியதன்று.